விளங்காத மொழி காவாது

2025 சூன் 12ஆம் நாள் அகமதாபாத்து வானூர்தி நிலையத்தினின்று இலண்டன் நோக்கி எழுந்த வானூர்தி, எழுந்த ஒரு மணித்துளிக்குள்ளாகவே கீழிறங்கி மருத்துவக் கல்லூரி விடுதியின்மேல் மோதி எரிந்தது. உள்ளிருந்த 242 பேருள் ஒருவரே உயிர் பிழைத்தார். தரையில் இருந்தோரையும் கூட்டி 260 உயிர்கள் மாண்டன. அதற்கு ஈராண்டுகட்கு முன்னர், 2023 சூன் 2ஆம் நாள், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பாகநாகா நிலையத்தில், சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவுவண்டி நேர்வழியை விட்டுக் கிளைவழியிற் புகுந்து, ஆங்கு நின்ற சரக்குவண்டியின்மேல் மோதிற்று. தடம் பெயர்ந்த அதன் பெட்டிகள் எதிர்வழியில் சென்ற மற்றொரு வண்டியையும் தாக்கின. இறந்தோர் 290க்கும் மேற்பட்டோர். 2024 அக்தோபர் 11ஆம் நாள் சென்னையை அடுத்த கவரைப்பேட்டையிலும் ஒரு விரைவுவண்டி அவ்வாறே கிளைவழியிற் புகுந்து சரக்குவண்டியின்மேல் மோதியது. உயிரிழப்பு நேராது போனது நற்பேறே. 2025 சூலை 8ஆம் நாள் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், மூடப்படாத இருப்புப்பாதைக் கடவில் பள்ளி ஊர்தியின்மேல் தொடர்வண்டி மோதி, மூன்று பிள்ளைகள் உயிரிழந்தனர்.

இவற்றையெல்லாம் அடுத்தடுத்துக் கேட்ட மக்கள் அஞ்சுகின்றனர். வழியனுப்ப வந்த தாய், வண்டி நகருமுன் மகனிடம் இருமுறை மும்முறை சொல்லியனுப்புகிறாள். வளைகுடா நாட்டிற்கு வேலைக்குப் போகும் கணவனின் வானூர்தி இறங்கிற்று என்னும் செய்தி வரும்வரை மனைவி உறங்குவதில்லை. இவ்வச்சத்தை அறியாமை என்று எள்ளுவார் உளர். கடந்து செல்லும் தொலைவைக் கணக்கிட்டால் சாலையினும் தொடர்வண்டி காப்புடையது, அதனினும் வானூர்தி காப்புடையது என்று அவர் எண்களைக் காட்டுவர். அவ்வெண்கள் பொய்யல்ல. ஆனால், மக்களின் அச்சம் எண்ணைப் பற்றியதன்று. சாலையில் நடப்போன் தன் கண்ணையும் காலையும் நம்பி நடக்கிறான். தொடர்வண்டியிலோ வானூர்தியிலோ ஏறுவோன், தான் காணாத கைகளில் தன் உயிரை ஒப்படைக்கிறான். குறிகை காட்டுவோர், கடவு மூடுவோர், தடத்தைத் தட்டிப் பார்ப்போர், பொறியை இயக்குவோர் ஆகிய இத்தனை பேரும் தத்தம் கடனை வழுவாது ஆற்றுவர் என்னும் நம்பிக்கையே அவன் வாங்கும் சீட்டு. அந்நம்பிக்கை ஆட்டங் காணுங்கால் அச்சம் எழுவது பேதைமையன்று, அறிவே.

அவ்வச்சத்திற்கு ஆள்வோர் தரும் விடை யாது? நேர்ச்சி நிகழ்ந்த அன்றே இரங்கலுரை, மறுநாள் இழப்பீட்டுத் தொகை, மூன்றாம் நாள் உசாவற்குழு, அதன்பின் அமைதி. 1956 நவம்பரில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில், வெள்ளத்தால் வலுவிழந்த இடத்தில், தூத்துக்குடி விரைவுவண்டி கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பொழுது, அன்றைய நடுவண் தொடர்வண்டி அமைச்சர் இலால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் விலகியதால் இறந்தவர் எழவில்லை. ஆயினும் பொறுப்பு என்பது ஒன்று உண்டு என்பதை நாடு கண்டது. இக்காலோ, பொறுப்பு மேலிருந்து கீழ்நோக்கியே உருண்டு, கடைசியில் ஒரு கடவுக்காவலரின் தலையிலோ ஒரு நிலைய அலுவலரின் தலையிலோ போய் நிற்கிறது.

நேர்ச்சிகளின் கரணியங்கள் பல. தேய்ந்த தடம், பழுதுற்ற பொறி, ஆட்பற்றாக்குறை, ஓய்வின்றி உழைப்போரின் அயர்வு, செய்யவேண்டிய செலவைத் தள்ளிப்போடும் கருமித்தனம் ஆகியவை பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, மன்றங்களில் பேசப்படுகின்றன. தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும் கருவியமைப்பு 2025ஆம் ஆண்டுவரை இருப்புப்பாதைகளின் ஒரு சிறு பங்கிலேயே பொருத்தப்பட்டிருந்தது என்பதும் பலரும் அறிந்ததே. ஆனால், எவரும் வாய்திறந்து பேசாத கரணியம் ஒன்றுண்டு. அது மொழி. ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காமற் போவதால் உலகின் பலவிடங்களில் நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்டுள்ளன. தமிழ்நாட்டிலும் ஒருமுறை அந்நிலை மிக அருகில் வந்து விலகிப் போயிற்று. மொழியென்றாலே அரசியல், உணர்ச்சி, வெறி என்று பேசிப் பழகியோர், அது காப்புக் கருவியும் ஆகும் என்பதைக் காண மறுக்கின்றனர்.

வான்வழி வரலாறு இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டும். 1977 மார்ச்சு 27ஆம் நாள் தெனெரீப்புத் தீவின் வானூர்தி நிலையத்தில், மூடுபனிக்கிடையே, இரண்டு மாபெரும் வானூர்திகள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டு 583 பேர் இறந்தனர். உலக வான்வழி வரலாற்றில் அதனினும் பெரிய நேர்ச்சி இற்றை நாள்வரை இல்லை. எழுதற்கு இசைவு பெறாமலேயே டச்சு வானூர்தி ஓடத் தொடங்கியிருந்தது. அதன் துணைவலவர் கோபுரத்திற்கு ஆங்கிலத்திற் கூறிய சொற்றொடர், 'எழுதற்கு ஆயத்தமாய் நிற்கிறோம்' என்றும் 'எழுந்துகொண்டிருக்கிறோம்' என்றும் இருபொருள்படும்படி அமைந்தது. கோபுரத்திலிருந்தவர் முதற்பொருளையே கொண்டார். டச்சு மொழியார் ஒருவரும் இசுப்பானிய மொழியார் ஒருவரும் தத்தமக்கு அயலான மொழியில் பேசிக்கொண்ட அந்நொடிகளின் விலை 583 உயிர்கள். அதன் பின்னரே 'எழுதல்' என்னும் சொல்லை இசைவு தரும்பொழுதோ அவ்விசைவைத் திரும்பப் பெறும்பொழுதோ அன்றி வேறெங்கும் ஆளலாகாது என்றும், பெற்ற கட்டளையை வெறுமனே ஏற்றுக்கொண்டதாகக் கூறாது முழுமையாகத் திருப்பிச் சொல்லவேண்டும் என்றும் வான்வழியில் முறை வகுக்கப்பட்டது.

1990 சனவரி 25ஆம் நாள் கொலம்பிய நாட்டு வானூர்தி ஒன்று நியூயார்க்கு அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேருள் 73 பேர் இறந்தனர். எரிபொருள் தீரப்போகிறது என்பதை அதன் வலவர்கள் அறிந்தே இருந்தனர்; கீழேயும் கூறினர். ஆனால், 'முன்னுரிமை வேண்டும்' என்னும் பொருள்படக் கூறினரேயன்றி, 'நெருக்கடி' என்பதற்குரிய சொல்லை அவர்கள் ஆளவில்லை. சொல் ஒன்று மாறியது; கீழிருந்தோர் அதனை எல்லாரும் கேட்கும் வேண்டுகைகளுள் ஒன்றாகக் கொண்டனர்.

இந்திய மண்ணிலும் இது நேர்ந்தது. 1996 நவம்பர் 12ஆம் நாள் தில்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரியின் வானில், தில்லியினின்று எழுந்த சவூதி வானூர்தியும் தில்லிக்கு வந்துகொண்டிருந்த கசக்கசுத்தான் வானூர்தியும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேருள் ஒருவரும் பிழைக்கவில்லை. வானத்தின் நடுவே நேர்ந்த மோதல்களுள் உலகிலேயே மிகுந்த உயிரிழப்பு இதுவே. கசக்கசுத்தான் வானூர்தி 15,000 அடி உயரத்திலும் சவூதி வானூர்தி 14,000 அடி உயரத்திலும் செல்லுமாறு பணிக்கப்பட்டிருந்தன. முன்னையது தனக்குரிய உயரத்தினின்று கீழே இறங்கிவிட்டது. அவ்வானூர்தியில் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு வானொலியாளர் ஒருவரிடமே இருந்தது. அவருக்கெனத் தனியே உயரங்காட்டும் கருவி இல்லை. வலவர்தம் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தே அறிதல் வேண்டும். வலவர்க்கு ஆங்கிலம் போதிய அளவில் விளங்காமையும் உசாவலில் சுட்டப்பட்டது. கட்டளையைக் கேட்டவர் ஒருவர். ஊர்தியைச் செலுத்தியவர் மற்றொருவர். இருவர்க்கும் இடையில் மொழி என்னும் பள்ளம். அப்பள்ளத்தில் 349 உயிர்கள் வீழ்ந்தன.

இவற்றிற்கெல்லாம் பின்னர், பன்னாட்டுக் குடிசார் வான்வழி அமைப்பு 2003ஆம் ஆண்டில் மொழித்திறன் பற்றிய விதிகளை ஏற்று, 2008 மார்ச்சு முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆறு படிகளுள் நான்காம் படியேனும் எய்தாதவர் பன்னாட்டு வான்வழியில் ஊர்தி செலுத்தவோ கட்டளை கூறவோ தக்கவரல்லர் என்பது அதன் சாரம். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அவ்வமைப்பு ஆங்கிலம் ஒன்றே வானத்தின் மொழி என்று விதிக்கவில்லை. தரையிலுள்ள நிலையம் இயல்பாக ஆளும் மொழி அல்லது ஆங்கிலம் என்பதே அதன் விதி. மண்ணின் மொழிக்கு வானத்திலும் இடமுண்டு என்பதை உலகமே ஒப்புக்கொண்டுள்ளது என்க.

இனி, இருப்புப்பாதைக்கு வருவோம். 2001 மார்ச்சு 27ஆம் நாள் பெல்சிய நாட்டில் பெக்ரோ என்னும் சிற்றூரில் இரு தொடர்வண்டிகள் நேருக்கு நேர் மோதி 8 பேர் இறந்தனர். ஆளேறாத வண்டி ஒன்று செங்குறிகையைக் கடந்து தவறான வழியிற் சென்றுவிட்டது. அதனைக் கண்ட பிரெஞ்சு மொழிக் குறிகையாளர், அடுத்த நிலையத்து டச்சு மொழிக் குறிகையாளரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். எச்சரிக்கை சென்றது, பொருள் செல்லவில்லை. ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையால், தடுத்திருக்கக்கூடிய மணித்துளிகள் வீணே கழிந்தன. இருவரும் கடமை தவறியவர் அல்லர். அடுத்த நிலையத்தாரோடு பேசும் அளவிற்கேனும் அவர் மொழியை அறிந்திருக்கவேண்டும் என்னும் எளிய விதியை வகுக்காத மேலாண்மையே தவறியது.

இப் பெக்ரோ நிகழ்ச்சி தமிழ்நாட்டில் நேரவிருந்தது என்பதை எத்துணைப் பேர் நினைவிற் கொண்டுள்ளனர்? 2019 மே திங்களில், மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்திற்கும் கள்ளிக்குடிக்கும் இடையே, ஒரே தடத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் செல்லும் நிலை ஏற்பட்டு, நல்லவேளையாக உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டன. இரு நிலையத்தாரிடையே பேச்சு சரிவர விளங்காமற் போனமையே அதற்குக் கரணியம் என்று கூறப்பட்டது. ஒருவர் தமிழறிந்தவர், மற்றவர் தமிழறியாதவர்.

அற்றாயின், அதனின்று தொடர்வண்டித்துறை கற்ற பாடம் யாது? 2019 சூன் திங்களில் தெற்குத் தொடர்வண்டித்துறையினின்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இயக்கக் கட்டுப்பாட்டு அலுவலகமும் நிலையத் தலைவர்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசிக்கொள்ள வேண்டும். வட்டார மொழியைத் தவிர்த்தல் வேண்டும் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டு நிலையங்களில், தமிழ்நாட்டு மண்ணில், தமிழரும் தமிழரும் பேசிக்கொள்ளும்பொழுதும் தமிழ் விலக்கு! நோயை விட்டுவிட்டு நோயாளியின் நாவை அறுக்கும் மருத்துவம் அது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. இரு பாலாரும் முற்றும் விளங்கிக்கொள்ளும் வகையில் பேச்சு அமையவேண்டும் என்னும் பொருள்பட அது மாற்றப்பட்டது. மாற்றிய சொற்களில் பிழையில்லை. ஆனால், தமிழறியாதவர் தமிழைக் கற்கவேண்டும் என்னும் ஒரு சொல் அதனைத் தொடர்ந்து வந்திருக்கவேண்டும். அச்சொல் வரவில்லையேல் சிக்கல் தீர்ந்ததாகாது, மூடிவைக்கப்பட்டதேயாகும்.

'காப்பு என்று வந்துவிட்டால் ஒரு பொதுமொழி இன்றியமையாதது. ஆகவே இந்தியையோ ஆங்கிலத்தையோ எல்லாரும் ஆளட்டும்' என்று கூறுவார்க்கு விடை கூறவேண்டும். இக்கூற்று வேறொரு நாட்டில் முன்னரே எழுந்து, ஆராயப்பட்டு, முடிவும் கண்டது. கனடாவின் கியூபெக்கு மாநிலம் பிரெஞ்சு மொழியாரின் தாயகம். அங்குள்ள பிரெஞ்சு வலவர்களும் கட்டுப்பாட்டாளர்களும் தம் மாநில வானில் தம் மொழியில் பேச உரிமை கேட்டனர். 1976 சூனில் ஆங்கில மொழி வலவர்கள், 'இருமொழி ஆண்டால் வானூர்திகள் மோதும். உயிர்கள் போகும்' என்று கூறி வேலைநிறுத்தம் செய்தனர். நாடே நிலைகுலைந்தது. அரசு மூன்று நடுவர் கொண்ட உசாவற்குழுவை அமைத்தது. வெற்றுப் பேச்சாக அன்றி, வான்வழிக் கட்டுப்பாட்டைப் போலவே அமைத்த ஆய்வுகளின் வாயிலாகவும் இருமொழி ஆட்சி ஆராயப்பட்டது. 1979இல் வெளிவந்த முடிவு: பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்து ஆளப்படுவதால் காப்பிற்கு ஊறில்லை. 'உயிர்க்காப்பு' என்னும் பெயரால் ஒரு மொழியை விலக்க முனைந்தோரின் வாதம், உயிர்க்காப்பு என்னும் உரைகல்லிலேயே பொய்த்தது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 2000 மே 25ஆம் நாள் பாரிசு வானூர்தி நிலையத்தில், கட்டுப்பாட்டாளர் ஒரு வானூர்தியோடு பிரெஞ்சிலும் மற்றொன்றோடு ஆங்கிலத்திலும் பேசினார். பிரெஞ்சு அறியாத வலவர், ஓடுபாதையில் மற்றொரு வானூர்தி எழுந்துவருவதை உணராமலே உள்நுழைந்தார். மோதலில் துணைவலவர் ஒருவர் இறந்தார். ஆகலின், மண்ணின் மொழியை ஆளுதல் மட்டுமே காப்பாகாது. ஒரே இணைப்பிற் கேட்டுக்கொண்டிருக்கும் அனைவர்க்கும் அது விளங்குதல் வேண்டும். கியூபெக்கும் பாரிசும் ஒன்றற்கொன்று முரணல்ல. சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் ஒன்றுபோல் விளங்கும் மொழியே காக்கும் மொழி என்பதையே இரண்டும் கூறுகின்றன. பன்னாட்டு ஊர்திகள் வந்துபோகும் வானில் ஆங்கிலம் அவ்விடத்தைப் பெறுவதைக் குறைகூற ஒன்றுமில்லை. திருமங்கலத்திற்கும் கள்ளிக்குடிக்கும் இடைப்பட்ட தடம் பன்னாட்டு வானமன்று என்பதையே ஆள்வோர் உணரவேண்டும்.

இன்னும் ஆழமாக நோக்கின், இருப்புப்பாதையின் காப்பு நிலையத் தலைவர் இருவரோடு முடிவதன்று. நள்ளிரவில் வெள்ளம் பாலத்தின் அடியை அரிக்கிறது. அதனை முதலிற் காண்போன் யார்? கரையில் குடியிருக்கும் உழவன். தடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அதனை முதலிற் காண்போன் ஆடு மேய்க்கும் சிறுவன். கடவின் நடுவே வண்டி மாட்டிக்கொண்டது. ஓடிவந்து கூவுவோள் களையெடுத்து மீளும் பெண். இவர்கள் ஓடிச்சென்று சொல்லக்கூடிய முதல் ஆள் கடவுக்காவலரே. அவர்க்குத் தமிழ் விளங்காதெனின், கண்டது சொல்லாகாது, சொன்னது எச்சரிக்கையாகாது, வண்டி நிற்காது. நிலையத்தார் இருவர் தமக்குள் இந்தியிற் பேசி விளங்கிக்கொள்ளக் கூடும். ஆட்டிடையனை இந்தி கற்கச் சொல்வாரோ? ஊரார் அனைவரும் பணியாளரின் மொழியைக் கற்பது நடவாது. பணியாளர் ஒருவர் ஊரின் மொழியைக் கற்பது சில திங்கள் உழைப்பு. எது எளிது, எது முறை என்பதற்குத் தனியே ஒரு குழு வேண்டியதில்லை.

இதனைக் கூறுங்கால், எல்லா நேர்ச்சிக்கும் மொழியே கரணியம் என்று கூறுவதும் உண்மைக்கு மாறாகும். செம்மங்குப்பத்துத் துயரின்போது, பணியிலிருந்தவர் தமிழர் அல்லர் என்பதனால் மொழியே பிள்ளைகளைக் கொன்றது என்று பலர் குமுறினர். குமுறல் இயல்பானதே. ஆயினும், கடவை மூடாமலேயே மூடியதாக நிலையத்திற்குச் சொல்லப்பட்டது என்பதே தொடர்வண்டித்துறையின் உசாவல் கூறியது. மூடாத கடவை மூடியதாகச் சொல்ல முடிந்ததற்குக் கரணியம், அக்கடவு குறிகையோடு பிணைக்கப்படாமையே. பிணைக்கப்பட்ட கடவில், கதவு மூடினாலன்றிக் குறிகை வழிவிடாது. மாந்தர் தவறினும் கருவி காக்கும். மூன்று பிள்ளைகள் இறந்த பின்னரே, பிணைப்பிற்குரிய போக்குவரத்து வரம்பு 20,000 அலகினின்று 10,000 அலகாகக் குறைக்கப்பட்டது. இறக்கும் முன்னரே ஏன் குறைக்கவில்லை என்று கேட்பாரில்லை. கண்கெட்ட பின்னர்க் கதிரவன் வணக்கம் என்பது இதுதான்.

பாகநாகாவின் செய்தியும் அத்தகையதே. ஆங்கு மொழி தவறவில்லை. ஆனால், கடவருகிலிருந்த பெட்டியினுள் மின்கம்பிகளுக்கு இடப்பட்டிருந்த பெயர்க்குறிகள் பிழையாக இருந்தன; அப்பிழை பல்லாண்டுகளாகக் கண்டறியப்படவில்லை; பழுதுபார்த்தபொழுது கம்பிகள் மாறின; நேர்வழிக்குப் பச்சைக் குறிகை தோன்ற, தடமோ கிளைவழிக்குத் திரும்பியிருந்தது. ஓராண்டுக்கு முன்னர், 2022 மே திங்களில், அதே கரக்பூர்க் கோட்டத்தின் மற்றொரு நிலையத்தில் இதே வகைத் தவறு நேர்ந்து, பாடமாகக் கொள்ளப்படாமற் கிடந்தது. பொருளுக்கு உரிய பெயரை இடாமையும், சொல்லப்பட்ட எச்சரிக்கையைக் கேளாமையும், விளங்காத மொழியிற் பேசுவதும் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள். செய்தி உரியவரைச் சென்று சேராமையே அந்நோய்.

இனி, பணியாளரை விட்டு வழிச்செல்வோரிடம் வருவோம். சென்னையினின்று மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ செல்லும் வானூர்தியில் ஏறியவர், இருக்கைவாரை எவ்வாறு பூட்டுவது, உயிர்க்காற்று முகமூடியை எவ்வாறு அணிவது, நெருக்கடி வாயில் எங்குள்ளது என்பவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கேட்டு இறங்கியது பலரும் கண்ட பட்டறிவு. ஏறியோருள் பெரும்பாலார் தமிழர். அவர்களுள் முதன்முறை வானூர்தி ஏறும் முதியோரும் உளர். நெருக்கடி வாயிலின் அருகே அமர்வோர், பணியாளர் கூறும் கட்டளையை விளங்கிக்கொள்ளக் கூடியவராக இருத்தல் வேண்டும் என்பது வான்வழி முறை. அக்கட்டளை தமிழில் இல்லையெனின், தமிழ் மட்டும் அறிந்தவர் தம் நாட்டு வானிலேயே அவ்விருக்கைக்குத் தகுதியற்றவர் ஆகிறார். புகை சூழ்ந்த நொடியில் அகரமுதலியைப் புரட்டிப் பொருள் காண நேரமில்லை. அந்நொடியில் மூளை தாய்மொழியையே முதலில் கேட்கும். காலும் கையும் தாய்மொழிக்கே முதலில் அசையும்.

'இத்தனை மொழிக்கும் இடந்தருவது இயலுமோ?' என்று மலைப்போர் சிங்கப்பூரை நோக்குக. ஆங்குத் தமிழர் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினும் குறைந்தவர். ஆயினும் நகரத் தொடர்வண்டியில் நெருக்கடிக்குரிய அறிவிப்புகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் உள்ளன. சிறுபான்மையர் மொழியில் எச்சரிக்கை எழுதியதால் அந்நாட்டு வண்டிகள் தடம் பெயர்ந்துவிடவில்லை. அயல்நாட்டில் தமிழனின் உயிரைத் தமிழ் காக்கிறது. தன் நாட்டில் அவன் உயிர்க்கு அயன்மொழியே காவல்!

இவ்வேண்டுகை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 2023 ஆகத்து 26ஆம் நாள் மதுரை நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், உள்ளே கொண்டுவரப்பட்ட சமையல் வளியுருளையால் தீப்பற்றி, உத்தரப்பிரதேசத்தினின்று வந்தவர் 9 பேர் இறந்தனர். தமிழ்நாட்டின் வழியே செல்லும் வண்டிகளில் நாள்தோறும் இந்தியும் வங்கமும் ஒடியமும் பேசும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வருகின்றனர். தீயை அணைப்பது எவ்வாறு, எதனைப் பெட்டிக்குள் கொண்டுவரலாகாது என்பவற்றை அவர்கட்கு அவர்தம் மொழியிற் கூறவேண்டும் என்று தமிழ்நாடே முன்னின்று கேட்கவேண்டும். ஒரு மொழியை எல்லார்மேலும் சுமத்துவதே தீது. அவரவர்க்கு விளங்கும் மொழியில் உயிர்காக்கும் செய்தியைத் தருவது அறம்.

ஆகலின், நடுவணரசும் அதன் தொடர்வண்டித்துறையும் வான்வழித்துறையும் செய்யவேண்டுவன இவை. முதலாவது, தமிழ்நாட்டில் அமர்த்தப்படும் நிலையத் தலைவர், கடவுக்காவலர், கட்டுப்பாட்டாளர், தடப் பணியாளர் ஆகியோர் பணியேற்கும் முன்னரே தமிழ் கேட்டுணரவும் பேசவும் தேர்வு பெறுதல் வேண்டும். வலவர்க்குப் படிநிலைத் தேர்வு இருக்கும்பொழுது கடவுக்காவலர்க்கு இருத்தலாகாதோ? இரண்டாவது, காப்பு விதிகளும் பயிற்சி நூல்களும் தமிழில் அச்சாகிக் கடைநிலைப் பணியாளரின் கைவரை செல்லுதல் வேண்டும். மூன்றாவது, தமிழ்நாட்டினின்று எழும் வானூர்தியிலும் இங்கு வந்திறங்கும் வானூர்தியிலும் காப்புரை தமிழிலும் ஒலித்தல் வேண்டும். நான்காவது, பெட்டிகளில் நெருக்கடிப் பலகணி, தீயணைப்பான், வண்டியை நிறுத்தும் சங்கிலி ஆகியவற்றருகே தமிழில் தெளிவாக எழுதுதல் வேண்டும். ஐந்தாவது, உசாவற்குழுக்களின் அறிக்கைகள் தமிழிலும் வெளிவருதல் வேண்டும். அகமதாபாத்து நேர்ச்சியின் முதனிலை அறிக்கை ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. தன் பிள்ளை எதனால் இறந்தான் என்பதை ஒரு தாய் தன் மொழியில் படித்தறிய இயலாதெனின், அவ்வறிக்கை யாருக்காக எழுதப்பட்டது?

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா. புதிய தடம் அமைக்கவும் தானே நிறுத்தும் கருவி பொருத்தவும் கோடிகள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். அவையும் தாழாது செய்யப்படல் வேண்டும். மொழியைக் கற்பிக்க ஓர் ஆசிரியரும் ஒரு நூலும் சில திங்களுமே போதும். இத்துணை எளிதாக இருந்தும் செய்யாமைக்கு ஒரே கரணியம், தமிழைக் காப்பிற்குரிய மொழியாக மதியாத மனப்பான்மையே. தமிழில் பேசினால் தொடர்வண்டிக்கு ஏதம் வரும் என்று எழுதத் துணிந்த கை, தமிழ் அறியாமையால் ஏதம் வரவிருந்தது என்பதை எழுதத் துணியவில்லை.

தமிழ் மக்களும் இதனைத் தம் கடனாகக் கொள்ளவேண்டும். வானூர்தியில் தமிழ்க் காப்புரை இல்லையெனின் இறங்கியவுடன் எழுத்துவாயிலாகக் கேட்கவேண்டும். கடவில் பணியிலிருப்பவர்க்குத் தமிழ் விளங்கவில்லையெனின் அவரை இகழாது, அவரை அமர்த்திய அலுவலகத்தைக் கேட்கவேண்டும். வயிற்றுப்பிழைப்பிற்கு வந்த எளியவரோடு பகை வேண்டா. அவர்க்கு ஊரின் மொழியைக் கற்பிக்காது அனுப்பிய மேலிடத்தோடே வழக்கு. ஒருவர் இருவர் கேட்பின் எள்ளுவர். ஊரே கேட்பின் ஆணை பிறக்கும். 2019இல் சுற்றறிக்கை திரும்பியது அவ்வாறே.

வழிச்செல்வோரின் அச்சம் இழப்பீட்டால் தீராது; இரங்கலுரையால் தீராது. தடத்தைக் காப்போனும் தடத்தருகே வாழ்வோனும் ஒருவர் சொல்லை ஒருவர் உணரும் நாளிலேயே அது தணியத் தொடங்கும். தமிழ்நாட்டின் இருப்புப்பாதையில் 'நிறுத்து!' என்னும் கூக்குரல் எழுமாயின், அது தமிழில்தான் எழும். அதனைக் கேட்கவேண்டிய செவிக்குத் தமிழ் விளங்கியே ஆகவேண்டும்.